பெப்பர்மின்ட் எண்ணெயா, புதினா உப்பா, நீலகிரித் தைலமா: வீட்டுக்கு எதை வாங்குவது?

தலைவலி, மூக்கடைப்பு, வயிற்று உப்புசம், தசைவலி ஆகிய எல்லாவற்றுக்கும் ஒரே சிறு குப்பி போதும் என்னும் நம்பிக்கையில்தான் பெப்பர்மின்ட் எண்ணெயைப் பலரும் வாங்குகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு ஓரளவு அடிப்படையும் இருக்கிறது, ஏனெனில் இந்தத் தொல்லைகளில் பலவற்றுக்கு அந்த எண்ணெய் ஏதோ ஒரு வடிவில் ஆராயப்பட்டிருக்கிறது. ஆனால் தலைவலிக்கு ஆராயப்பட்ட வடிவம் ஒன்று, குடலுக்கு ஆராயப்பட்ட வடிவம் வேறொன்று. கடையில் கிடைக்கும் 10 மில்லி குப்பியில் இருப்பதோ அவ்விரண்டுக்கும் மூலப்பொருளான, நீர்க்கப்படாத எண்ணெய். எனவே எந்தத் தேவைக்காக, எந்த வடிவில், எவ்வளவு செறிவில் வேண்டும் என்பதை முடிவு செய்துகொண்ட பிறகு கடைக்குப் போவதே முறை. அந்த முடிவை எடுப்பதற்காக, பெப்பர்மின்ட் எண்ணெயையும் அதற்கு மாற்றாக நம் வீடுகளில் புழங்கும் மெந்தா எண்ணெய், புதினா உப்பு, நீலகிரித் தைலம், டப்பாவில் வரும் கலவைத் தைலங்கள் ஆகியவற்றையும், மருந்துக் கடையில் மட்டும் கிடைக்கும் கேப்சூலையும் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

குப்பிக்குள் இருப்பது எது?

நம் சமையலறையில் சட்னிக்கும் பிரியாணிக்கும் போடும் புதினாவிலிருந்து இந்த எண்ணெய் எடுக்கப்படுவதில்லை. சமையல் புதினாவின் மணத்துக்குப் பெரும்பாலும் கார்வோன் என்னும் பொருளே காரணம். குளிர்ச்சி தரும் பொருளான மெந்தால் அதில் மிகக் குறைவு. பெப்பர்மின்ட் செடி அந்தப் புதினாவும் நீர்ப்புதினாவும் தாமாகக் கலந்து உண்டான கலப்பினமாகும். 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் அடையாளம் காணப்பட்ட இச்செடி மலட்டுத்தன்மை உடையதாகையால், இன்றுவரை விதையால் அன்றி ஓடுதண்டுகளை நட்டே பயிரிடப்படுகிறது. இதன் எண்ணெயில் மெந்தால் 30 முதல் 55 சதவிகிதமும், மென்தோன் என்னும் மற்றொரு மணப்பொருள் 14 முதல் 32 சதவிகிதமும் இருக்கவேண்டும் என்பது ஐரோப்பிய மருந்துநூல் வகுத்துள்ள அளவு. கல்லீரலுக்குக் கேடு செய்யக்கூடிய புலிகோன் என்னும் பொருளுக்கும் அந்நூல் உச்சவரம்பு விதித்திருக்கிறது.

இந்தியாவில் பெருமளவில் விளைவது இந்தச் செடி அன்று. உத்தரப்பிரதேசத்தின் பாராபங்கி முதலிய மாவட்டங்களில் கோதுமைக்கும் நெல்லுக்கும் இடைப்பட்ட கோடைப்பயிராக விளையும் மெந்தா, ஜப்பானியப் புதினா எனப்படும் வேறோர் இனம். இந்த ஒரு பயிரின் காரணமாகவே உலகில் மிக அதிகமாகப் புதினா எண்ணெய் உற்பத்தி செய்யும் நாடாக இந்தியா விளங்குகிறது. மெந்தா எண்ணெயில் மெந்தால் 70 சதவிகிதத்துக்கும் மேல் இருப்பதால், அதைக் குளிரூட்டினாலே மெந்தால் ஊசி ஊசியாகப் படிந்துவிடும். அப்படிப் படிந்ததே நாட்டு மருந்துக் கடைகளில் புதினா உப்பு என்று விற்கப்படும் கட்டி. மெந்தாலைப் பிரித்தெடுத்த பின் எஞ்சும் எண்ணெயில் மெந்தாலின் அளவு குறைந்து, ஏறத்தாழப் பெப்பர்மின்ட் எண்ணெயின் அளவுக்கே வந்துவிடுகிறது என்பதுதான் வாங்குபவர் கவனிக்கவேண்டிய இடம். விலை மலிவான அந்த எஞ்சிய எண்ணெய் பெப்பர்மின்ட் என்ற பெயர் ஒட்டிய குப்பிக்குள் போவதற்கு வாய்ப்பு மிகுதி. முகர்ந்து பார்த்தால் அதன் மணம் சற்றுக் கசப்போடு கூர்மையாக இருக்கும், பெப்பர்மின்ட்டின் இனிப்பான அடிமணம் அதில் இருக்காது. ஆனால் பழகாத மூக்கு இதைக் கண்டுபிடிப்பது கடினம். ஆய்வகத்தில் பகுத்துப் பார்த்தால், பெப்பர்மின்ட்டில் கணிசமாக இருக்கும் மென்தோஃபியூரான் என்னும் பொருள் மெந்தாவில் இல்லாததாலேயே வேறுபாடு வெளிப்பட்டுவிடும்.

ஆகையால் குப்பியின் மேல் "மென்தா பைபெரிட்டா" என்ற பெப்பர்மின்ட்டின் தாவரப்பெயர் இருக்கிறதா, மெந்தாவின் பெயரான "மென்தா ஆர்வென்சிஸ்" என்று இருக்கிறதா, இரண்டும் இல்லாமல் வெறும் "மின்ட் ஆயில்" என்று இருக்கிறதா என்பதை முதலில் பார்க்கவேண்டும். தொகுதி எண்ணும், அத்தொகுதிக்கான பகுப்பாய்வு அறிக்கையும் கேட்டால் தரும் விற்பனையாளர் கிடைத்தால் அவரிடமே வாங்கலாம். "ஃப்ராக்ரன்ஸ் ஆயில்", "அரோமா ஆயில்" என்று எழுதியிருப்பவை பெரும்பாலும் அறைக்கு மணம் ஊட்டுவதற்கான செயற்கைக் கலவைகள். அவற்றைத் தோலில் தடவும் எண்ணமே வேண்டாம். இதைச் சொன்ன பிறகு ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும்: வலிக்கும் இடத்தில் குளிர்ச்சி வேண்டும் என்பது மட்டுமே தேவையானால், மெந்தா எண்ணெயும் அதே வேலையைச் செய்யும். இனத் தூய்மைக்காகக் கூடுதல் விலை கொடுப்பது மருந்து ஆய்வுகளில் சொல்லப்பட்ட பயனை எதிர்பார்ப்பவருக்கே பொருந்தும்.

குளிர்ச்சி எப்படி உண்டாகிறது?

தோலிலும் மூக்கின் உட்சவ்விலும் உள்ள நரம்பு முனைகளில் குளிரை உணரும் ஒரு புரதம் இருக்கிறது. மெந்தால் அந்தப் புரதத்தைத் தூண்டும்போது, வெப்பநிலை சிறிதும் குறையாமலே குளிர்வதாக மூளைக்குச் செய்தி போகிறது. டி.ஆர்.பி.எம்.8 என்று பெயரிடப்பட்ட இப்புரதத்தின் இந்த வேலையை 2002-இல் டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் ஆகியோரின் இரு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கண்டறிந்தன. வெப்பத்தையும் தொடுகையையும் உடல் எப்படி உணர்கிறது என்பதை விளக்கியதற்காக அவ்விருவருக்கும் 2021-இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. இந்தச் செயல்முறையைத் தெரிந்துகொண்டால் பல ஐயங்கள் தாமாகவே தீர்ந்துவிடும். காய்ச்சலில் நெற்றியில் தடவினால் இதமாக இருக்குமே தவிரக் காய்ச்சல் இறங்காது. மூக்கடைப்பில் முகர்ந்தால் மூச்சு தாராளமாகப் போவதுபோல் தோன்றும், ஆனால் மூக்கின் வழியே செல்லும் காற்றின் அளவை அளந்து பார்த்த சோதனைகளில் அது கூடவில்லை. அடைப்பு அப்படியே இருக்க, அடைப்பின் உணர்வு மட்டும் நீங்குகிறது. இரவில் தூக்கம் வராமல் தவிப்பவருக்கு அந்த உணர்வு நீங்குவதே பெரிய உதவி என்பதையும் மறுக்க முடியாது.

தலைவலிக்கு எது?

தலைவலிக்குப் பெப்பர்மின்ட் எண்ணெயை நாடுபவருக்கு மற்ற பயன்களைவிடத் தெளிவான ஆதாரம் இருக்கிறது. 1996-இல் ஜெர்மனியில் வெளியான ஓர் ஆய்வில், இறுக்கத்தால் வரும் தலைவலி உள்ளவர்களின் நெற்றியிலும் பொட்டுகளிலும், எத்தனாலில் 10 சதவிகிதமாகக் கரைத்த பெப்பர்மின்ட் எண்ணெய் கால்மணி நேர இடைவெளியில் திரும்பத் திரும்பத் தடவப்பட்டது. கால்மணி நேரத்திலேயே வலி குறையத் தொடங்கியது. 1,000 மில்லிகிராம் பாராசிட்டமால் தந்த நிவாரணத்துக்கு அது குறைந்ததாக இல்லை. ஆய்வில் பங்கேற்றவர்கள் சிலரே என்பதையும், மெந்தாலின் மணத்தை மறைக்க முடியாதாகையால் எது மருந்து, எது போலி என்பதை நோயாளியிடமிருந்து முழுமையாக மறைப்பது கடினம் என்பதையும் மனத்தில் கொள்ளவேண்டும். இருந்தாலும் ஜெர்மனியில் இந்த 10 சதவிகிதக் கரைசல் தலைவலி மருந்தாகவே விற்கப்படுகிறது. அடிக்கடி வலி மாத்திரை போடுவதைக் குறைக்க விரும்பும் பெரியவர் ஒருவருக்கு இதை முயன்று பார்க்குமாறு நான் தயக்கமின்றிச் சொல்வேன். ஒற்றைத் தலைவலிக்கு இதே உறுதியைத் தர இயலாது.

வீட்டில் இதைக் கலப்பது எளிது. ஒரு மில்லி எண்ணெய் என்பது ஏறத்தாழ 20 சொட்டு. குப்பியின் வாயைப் பொறுத்து இந்த எண்ணிக்கை கூடக் குறைய இருக்கும். ஒன்பது மில்லி தேங்காய் எண்ணெயில் ஒரு மில்லி பெப்பர்மின்ட் எண்ணெயைச் சேர்த்தால் 10 சதவிகிதக் கலவை கிடைக்கும். உருளை மூடி உள்ள சிறு கண்ணாடிக் குப்பியில் இதை ஊற்றி வைத்துக்கொண்டால் விரலில் படாமல் தடவலாம். விரலில் படாதது எவ்வளவு பெரிய வசதி என்பது, தைலம் தொட்ட கையால் கண்ணைக் கசக்கியவர்களுக்குத் தெரியும். இந்தச் செறிவு நெற்றியின் சிறு பகுதிக்கு மட்டுமே உரியது. முதுகு, முழங்கால் போன்ற பரந்த இடங்களில் தடவுவதற்கு 2 முதல் 3 சதவிகிதம், அதாவது 30 மில்லி தேங்காய் எண்ணெய்க்கோ நல்லெண்ணெய்க்கோ 12 முதல் 18 சொட்டு போதும். நீர்க்காமல் நேரடியாகத் தடவினால் முதலில் குளிர்ந்து, பின்னர் எரிந்து, சிலருக்குத் தோல் சிவந்து கொப்புளிக்கவும் செய்யும். புதிதாகப் பயன்படுத்துபவர் கலவையை முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாள் பொறுத்துப் பார்த்தபின் நெற்றிக்குப் போகலாம்.

புதினா உப்பை வாங்கி அதே வேலைக்குப் பயன்படுத்தலாமா என்றால், பயன்படுத்தலாம், ஆனால் அளவு தவறும் வாய்ப்பு அதில் கூடுதல். எண்ணெயில் பாதியளவே மெந்தால் இருக்க, கட்டி முழுவதுமே மெந்தால் ஆகையால் ஒரு கிள்ளு கூடினாலும் செறிவு வெகுவாக ஏறிவிடும். அது 42 டிகிரி செல்சியஸ் அளவில் உருகிவிடும் என்பதால், வேலூர், திருச்சி வெயிலில் வைத்த டப்பாவில் உருகியும் உறைந்தும் கிடக்கும். புதினா உப்பு, ஓம உப்பு, கற்பூரம் ஆகிய மூன்று கட்டிகளையும் ஒரு குப்பியில் போட்டு வைத்தால் சூடாக்காமலே நீர்மமாகிவிடுவது பார்க்க வியப்பாக இருக்கும். கலந்தபோது ஒவ்வொன்றின் உருகுநிலையும் தாழ்வதே அதற்குக் காரணம். வட இந்தியாவில் அமிர்ததாரா என்று புகழ்பெற்ற அந்தக் கலவையை நம் ஊரிலும் பலர் தாமே செய்து வைத்துக்கொண்டு, சர்க்கரையில் இரண்டு சொட்டு விட்டு விழுங்குகிறார்கள். கற்பூரம் சேர்ந்த எதையும் உள்ளுக்குக் கொடுப்பதை, அதுவும் அளக்காமல் கொடுப்பதை, நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு சிறு குழந்தைக்கு ஒரு கிராம் கற்பூரமே உயிராபத்தாக முடியலாம்.

டப்பாவில் வரும் வலித் தைலங்கள், சிங்கப்பூரிலிருந்து உறவினர் கொண்டுவரும் கோடாலித் தைலம் போன்றவை ஆகியவற்றின் உறையைப் படித்தால் மெந்தால், யூகலிப்டஸ், கற்பூரம், மெத்தில் சாலிசிலேட் என்ற நான்கு பெயர்களும் பெரும்பாலும் ஒருங்கே இருக்கும். அளந்து, நீர்த்து, உடனே தடவத்தக்க வடிவில் வருவதே இவற்றின் பெரும் நன்மை. அளவிடும் பொறுமை இல்லாதவருக்கும், மாதத்தில் ஒன்றிரண்டு முறை மட்டுமே தலை வலிப்பவருக்கும் தனி எண்ணெய் வாங்கவேண்டிய தேவையே இல்லை. ஒரு சிறு டப்பா தைலம் போதும். ஆனால் மெத்தில் சாலிசிலேட் ஆஸ்பிரினின் உறவுப் பொருள். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் உட்கொள்பவர்கள் இத்தகைய தைலத்தை உடல் முழுவதும் தாராளமாகத் தேய்த்துக்கொண்டபோது இரத்தக்கசிவு அபாயம் கூடிய நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. அப்பொருளின் செறிந்த வடிவமான வின்டர்கிரீன் எண்ணெய் ஊட்டிக் கடைகளில் நீலகிரித் தைலத்துக்குப் பக்கத்திலேயே விற்கப்படுகிறது. அதில் ஒரு தேக்கரண்டி, சாதாரண ஆஸ்பிரின் மாத்திரைகள் 20-க்கு மேல் விழுங்கியதற்குச் சமம். இந்த நால்வகைக் கலவையில் உள்ள மற்ற மூன்றையும் தவிர்க்க விரும்புபவருக்குப் பெப்பர்மின்ட் எண்ணெயை மட்டும் நீர்த்துத் தடவுவது உண்மையிலேயே மேலான தேர்வு.

மூக்கடைப்புக்கு எது?

இங்கே போட்டி பெப்பர்மின்ட்டுக்கும் நீலகிரித் தைலத்துக்கும் இடையில். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆஸ்திரேலியாவிலிருந்து நீலகிரிக்கு வந்து, விறகுக்காகப் பெருக்கப்பட்ட, கற்பூர மரம் என்றும் சொல்லப்படும் யூகலிப்டஸ் மரத்தின் இலையிலிருந்து காய்ச்சி வடிக்கப்படும் இந்த எண்ணெயில் பெரும்பங்கு சினியோல் என்னும் பொருள். மருந்துத் தரமான யூகலிப்டஸ் எண்ணெயில் அது 70 சதவிகிதத்துக்குக் குறையக்கூடாது. மெந்தால் உணர்வை மட்டும் மாற்றுகிறது என்று மேலே பார்த்தோம்; சினியோலுக்கோ சளியை இளக்கும் தன்மையும் இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. அந்த ஆய்வுகள் பெரும்பாலும் அளவிட்டு அடைத்த கேப்சூல்களைக் கொண்டு செய்யப்பட்டவை, ஆவி பிடித்துச் செய்யப்பட்டவை அல்ல. ஆகவே ஆவி பிடிக்கும் சட்டியில் எதை விட்டாலும் பெரிய வேறுபாடு இல்லை என்பதே என் கணிப்பு. சளியை இளக்குவதில் வெந்நீராவிக்கே பங்கு உண்டு. எண்ணெய் தருவது மணமும் ஆறுதலும்.

அபாயத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றல்ல. யூகலிப்டஸ் எண்ணெய் வலிப்பைத் தூண்டக்கூடியது. விழுங்கியதால் மட்டுமன்றி, யூகலிப்டஸும் கற்பூரமும் உள்ள தைலங்களை முகர்ந்ததாலும் தடவியதாலும் வலிப்பு வந்தவர்களைப் பற்றிப் பெங்களூரு நரம்பியல் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். வலிப்பு நோய் உள்ளவர் வீட்டில் நீலகிரித் தைலத்தை ஒதுக்கி வைப்பதே சரி. பெப்பர்மின்ட் எண்ணெயிலும் சிறிதளவு சினியோல் உண்டு என்பதால், வலிப்பு உள்ளவர் அதையும் மருத்துவரிடம் கேட்டே பயன்படுத்த வேண்டும். மேலும், ஐந்து மில்லி யூகலிப்டஸ் எண்ணெய், அதாவது ஒரு தேக்கரண்டி, குழந்தையை மயக்கநிலைக்குக் கொண்டுபோகப் போதுமானது. இருமல் மருந்துக் குப்பிக்குப் பக்கத்தில் அதை வைக்கும் வழக்கத்தை இன்றே மாற்றிவிடலாம்.

ஆவி பிடிப்பதில் எண்ணெயைக் காட்டிலும் கொதிநீரே பெரிய ஆபத்து என்பதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. சட்டி கவிழ்ந்து தொடை வெந்த குழந்தைகள் தீக்காயப் பிரிவுகளுக்கு வந்துகொண்டே இருக்கிறார்கள். பெரியவர் ஆவி பிடிப்பதானால் அடுப்பிலிருந்து இறக்கி மேசையில் உறுதியாக வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, எந்த எண்ணெயானாலும் ஒரு சொட்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். எரியும் அடுப்பின் மேல் இருக்கும் சட்டியில் எண்ணெயை விடவே கூடாது; இவை எளிதில் தீப்பற்றும் எண்ணெய்கள். ஒரு கைக்குட்டையில் ஒரு சொட்டு விட்டுச் சற்றுத் தள்ளிப் பிடித்து முகர்வது இதே ஆறுதலைக் கொதிநீர் இல்லாமல் தரும்.

வயிற்றுக்கு எது?

குடல் தொல்லைக்குப் பெப்பர்மின்ட் எண்ணெய் உதவும் என்பது வெறும் வீட்டு நம்பிக்கை அல்ல. ஐ.பி.எஸ். எனப்படும், அடிக்கடி வயிறு பிடித்து இழுப்பதும் கழிவுப்பழக்கம் மாறுவதுமான நிலைக்கு, ஒரு கேப்சூலில் 0.2 மில்லி எண்ணெய் அடைத்து, நாளுக்கு மூன்று முறை கொடுப்பது பல நாடுகளில் வழக்கம். குடற்சுவரின் தசைச் செல்களுக்குள் கால்சியம் நுழைவதை மெந்தால் தடுப்பதால் தசை தளர்ந்து வலி குறைகிறது. 2021-இல் வெளியான அமெரிக்க இரைப்பைக் குடல் மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதலும், ஆதாரம் வலுவானதல்ல என்ற குறிப்போடு, பெப்பர்மின்ட்டை முயன்று பார்க்கலாம் என்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு வெளியான நெதர்லாந்து ஆய்வில் முதன்மையாக வைத்திருந்த அளவுகோலில் அது போலி மாத்திரையை விஞ்சவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது. நான்கு வாரம் பார்த்துப் பயனில்லையேல் நிறுத்திவிடலாம்.

0.2 மில்லி என்பது நான்கு சொட்டுதானே, குப்பியிலிருந்தே நான்கு சொட்டு வெந்நீரில் விட்டுக் குடித்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. வேறுபாடு கேப்சூலின் மேலுறையில் இருக்கிறது. அந்த உறை இரைப்பை அமிலத்தில் கரையாமல், குடலுக்குப் போன பிறகே கரையும்படி செய்யப்பட்டது. சொட்டாகக் குடித்தால் எண்ணெய் இரைப்பையிலேயே வெளிப்பட்டு, உணவுக்குழாயின் கீழ்முனையில் வாயிற்காவலன்போல் இருக்கும் தசையைத் தளர்த்திவிடும்; அமிலம் மேலேறி நெஞ்செரிச்சல் உண்டாகும். எண்ணெய் நீரில் கரையாமல் மிதப்பதால் வாயும் தொண்டையும் வேகவும் கூடும். கேப்சூலைக் கடித்து விழுங்கினாலும், அமிலத்தைத் தணிக்கும் மருந்தோடு சேர்த்துப் போட்டாலும் இதே கதைதான், ஏனெனில் அமிலம் தணிந்தால் உறை இரைப்பையிலேயே கரைந்துவிடும். உணவுக்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் முன்பாக முழுதாக விழுங்குவதே சரியான முறை.

ஆகவே வயிற்றுக்காகக் குப்பி வாங்காதீர்கள் என்பதே இதில் என் உறுதியான முடிவு. மருத்துவர் சொன்னால் கேப்சூல் வாங்கலாம்; சாதாரண உப்புசத்துக்கு ஓமமோ சீரகமோ கொதிக்கவைத்த நீரோடு நிறுத்திக்கொள்ளலாம். அமில எதுக்களிப்பு, பித்தப்பைக் கல், பித்தக்குழாய் அடைப்பு, கடுமையான கல்லீரல் நோய் ஆகியவை உள்ளவர்கள் கேப்சூலையும் தவிர்க்க வேண்டும். சில மருந்துகள் கல்லீரலில் சிதையும் வேகத்தைப் பெப்பர்மின்ட் எண்ணெய் குறைக்கக்கூடும் என்பதால், உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்குப் பின் சைக்ளோஸ்போரின் உட்கொள்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக்கூடாது. மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய வயிற்று மாற்றம் ஆகியவை இருப்பின் எந்த எண்ணெயும் வேண்டாம், முதலில் பரிசோதனை.

எலி, கொசு, எறும்பு ஆகியவற்றை விரட்டப் பெப்பர்மின்ட் எண்ணெயைத் தெளிக்கலாம் என்ற பரிந்துரையும் பரவலாக இருக்கிறது. மணம் இருக்கும்வரை ஓரளவு பயன் இருக்கலாம், ஆனால் அந்த மணம் சில மணி நேரத்தில் பறந்துவிடும். எலி வரும் துளையை அடைப்பதே மலிவும் நிலைத்த பயனும் தரும்.

யார் வீட்டில் எது கூடாது?

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மெந்தால் உள்ள எதுவும் ஆகாது. குழந்தையின் மூக்குக்கு அருகிலோ மார்பிலோ அதைத் தடவும்போது, குரல்வளை திடீரென இறுகி மூச்சு நின்றுபோகக்கூடும் என்பதாலேயே ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டாளர்கள் இந்த வயதில் முற்றாகத் தடுக்கிறார்கள். சளி பிடித்த பிள்ளையின் மூக்கில் தைலம் தொட்டு வைக்கும் பாட்டிமார்களின் அன்பை மதித்துக்கொண்டே, இந்த ஒன்றை மட்டும் உறுதியாக மறுத்துவிட வேண்டும். அதற்கு மேற்பட்ட வயதிலும், ஆறு வயது வரை முகத்துக்கு அருகே இவற்றைக் கொண்டுபோகாமலிருப்பதே நல்லது. பாலூட்டும் தாய் மார்புப் பகுதியில் தடவக்கூடாது. ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடு உள்ள பச்சிளங்குழந்தைகளுக்கு மெந்தாலால் மஞ்சள் காமாலை மோசமாகலாம் என்பதால், அந்தக் குறைபாடு தெரிந்த குடும்பத்தினர் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்குக் கடுமையான மணமே இழுப்பைத் தூண்டிவிடும்.

பூனை வளர்ப்பவர்கள், மணத்தை அறையில் பரப்பும் கருவியான டிஃப்யூசரில் இந்த எண்ணெயை ஓடவிடுவதைக் கைவிட வேண்டும். இத்தகைய பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலில் குறைவு. உரோமத்தில் படிந்த துளிகளை அது நக்கி விழுங்கியும் விடும். பிறர் வீடுகளிலும் டிஃப்யூசரை மூடிய அறையில் இரவு முழுவதும் ஓடவிடாமல், கதவைத் திறந்து வைத்து அரைமணி நேரத்தோடு நிறுத்துவது போதும்.

கையாளுவதும் வைப்பதும்

கண்ணில் பட்டால் கசக்காமல், ஓடும் நீரில் கால்மணி நேரம் கழுவ வேண்டும். எரிச்சல் தீராவிட்டால் கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும். தோலில் செறிந்த எண்ணெய் சிந்தினால் வெறும் நீர் அதை எடுக்காது, பரப்பிவிடும். முதலில் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். குழந்தை விழுங்கிவிட்டால் விரலை விட்டு வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. வாந்தியோடு வரும் எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் விழுங்கியதைவிடப் பெரிய கேடு விளையும். 108-ஐ அழைத்துவிட்டு, குப்பியையும் கையோடு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்; எந்த எண்ணெய், எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதைக் குப்பியைப் பார்த்தே மருத்துவர் கணிப்பார்.

எண்ணெய் அடர்நிறக் கண்ணாடிக் குப்பியில், இறுக மூடி, வெயில் படாத பூட்டிய அலமாரியில் இருக்கவேண்டும். பிளாஸ்டிக் டப்பாவிலும் தெர்மோகோல் கோப்பையிலும் ஊற்றினால் அவை இளகிவிடும். ரப்பர் குமிழ் உள்ள டிராப்பரை மூடியாகவே மாட்டி வைத்தால் சில மாதங்களில் ரப்பர் கரைந்து எண்ணெயில் கலந்துவிடும் என்பதால், சொட்டு சொட்டாக விழும் உள்மூடி கொண்ட குப்பியே மேல். காற்றும் ஒளியும் பட்டுப் பழசாகிய எண்ணெய் தோலில் ஒவ்வாமையை எளிதில் உண்டாக்கும். திறந்த தேதியைக் குப்பியின் மேல் எழுதி ஒட்டிவிட்டால், இரண்டு ஆண்டுக்கு மேற்பட்டதைத் தோலில் தடவாமல் கழித்துவிடலாம்.

வாங்கும் அளவைப் பற்றியும் ஒரு சொல். 10 சதவிகிதத் தலைவலிக் கலவைக்கு ஒரு மில்லியும், உடல்வலிக் கலவைக்கு ஒரு மில்லிக்கும் குறைவாகவும்தான் செலவாகும் என்பதால், 10 மில்லி குப்பி ஒரு குடும்பத்துக்கு ஓராண்டுக்கு மேல் வரும். 100 மில்லி குப்பி சொட்டுக் கணக்கில் மலிவாகத் தோன்றினாலும், அதில் பெரும்பகுதி பயன்படாமலே பழசாகும்; அதுவரை ஒரு குழந்தைக்குக் கேடு விளைவிக்கப் போதுமான அளவு எண்ணெய் வீட்டில் கிடக்கும். ஆறு வயதுக்குக் கீழே பிள்ளைகள் உள்ள வீட்டில், தைல டப்பா ஒன்றை உயரத்தில் வைத்துக்கொண்டு, குப்பியையும் புதினா உப்பையும் வின்டர்கிரீன் எண்ணெயையும் சில ஆண்டுகளுக்குத் தள்ளிப்போடுவதையே நான் தேர்ந்தெடுப்பேன்.